அத்தியாயம் 23: எண்பதடி தூரத்துக் குளிர் அறை

ஆயுத பூசையன்று பெரியவர் சின்னதம்பி சிரித்தார். பூசணிக்காயை ஓங்கி உடைத்தபோது அதன் ஒரு துண்டு பறந்து போய் ஆலைத் தொழிலாளி பக்கிரியின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அதைக் கண்டு தம்மை மறந்து சிரித்துவிட்டார். பதினான்கு மாதங்களாக அவர் சிரித்துப் பார்த்தவர் எவருமிலர். இளைய மகன் ராஜ்குமார், அரியூரில் செவிலியாகப் பணிபுரியும் ரோஸ்லினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வந்து வாசலில் நின்ற நாளோடு அந்தச் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

திரும்பி வந்த சிரிப்புக்கு ஆயுள் ஓர் இரவுதான் என்பது, மறுநாள் விஜயதசமியன்று காலை ஒன்பதே முக்காலுக்கு மூத்த மருமகள் உஷாராணிக்குத் தெரிந்தது.

பாகூர் கொம்யூன் வட்டாரத்தின் கடலோரத்தில், மூர்த்திக்குப்பம் சாலையில் இருக்கிறது அவர்களுடைய ஐஸ் தொழிற்சாலை. வாசலை ஒட்டி அலுவலக அறை. முற்றத்தைக் கடந்தால் கணவாயும் இறாலும் உறைந்து கிடக்கும் குளிர் அறை. இரண்டுக்கும் இடையே எண்பதடி. அந்த எண்பதடியைக் கடந்து, குளிர் அறையின் வெப்பநிலை நிமிடந்தோறும் அலுவலகக் கணினிக்கு வந்து ஒரு படமாக விழ வேண்டும். வழக்கமாக விழும். அன்று விழவில்லை. படத்தின் பன்னிரண்டு கட்டங்களிலும் வெறுங்கோடுகளே நின்றன.

உஷாராணி கணினியை அணைத்துவிட்டுப் போட்டாள். கோடுகள் நின்றன. மறுபடியும் அணைத்துவிட்டுப் போட்டாள். கோடுகள் அசையவில்லை.

எரிச்சலூட்டியது எதுவெனில், மற்றெல்லாம் வந்துகொண்டிருந்தன. கத்தாரில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் கணவன் எழிலரசனின் விஜயதசமி வாழ்த்து வந்தது. தவளக்குப்பத்துத் துணிக்கடையொன்றின் தள்ளுபடி விளம்பரங்கூட வந்தது. முற்றத்துக்கு அப்பாலிருக்கும் குளிர் அறையிலிருந்துதான் ஒரு சேதியும் இல்லை.

பத்து மணிக்கு ஏற்றுமதிக் கம்பெனியின் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், குளிர் வண்டி தவளக்குப்பம் சந்திப்புல நிக்குது. இருபத்துநாலு மணி நேரப் படம் எங்க ஸ்கிரீன்ல முழுசா வரணும். நாலு மணிக்குள்ள வந்தா வண்டி உள்ள வரும். இல்லன்னா கடலூருக்குத் திருப்பிடுவோம். கப்பலுக்கு விஜயதசமி லீவு கிடையாது மேடம்."

அவர் பேச்சை முடிக்கவும் சின்னதம்பி உள்ளே நுழையவும் சரியாயிருந்தது.

"இன்னாம்மா, படம் போச்சா?"

"இன்னும் இல்ல மாமா. குளிர் ரூமு பக்கத்துலேர்ந்து ஒண்ணும் வரல."

"முந்தாநேத்து வரைக்கும் போய்க்கினு இருந்துதே?"

"நேத்து பூசைக்கு எல்லாத்தையும் நிறுத்தினோமில்ல, அதுக்கு அப்பறந்தான்..."

"சாமிக்குப் பூச போட்டா மிசினு கெட்டுப்பூடுமா? நல்லாருக்குதே நீ சொல்ற ஞாயம்!"

அவர் பின்னாலேயே மோர்ச் செம்போடு வந்த மாமியார் கெங்கம்மாள், செம்பை மேசைமேல் வைத்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னாள்:

"அவனத்தான் ஒரு வார்த்த கூப்புட்டா இன்னாங்க? அவன் மாட்டுன பொட்டிதானே?"

"எவன?"

கெங்கம்மாள் முந்தானையால் செம்பின் விளிம்பைத் துடைத்தாள்.

"அப்பிடி ஒருத்தன் இந்த வூட்டுல இல்ல," என்றார் சின்னதம்பி. பின்பு மருமகளின் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. நோட்டுல பக்கிரி எழுதிக்கினு இருந்தான், வேலையும் நடந்துக்கினு இருந்துது. கம்பியூட்டரு படிச்சிருக்கேன், நான் பாத்துக்கறேன்னு நீதான் கேட்ட. நாலு மணிக்குள்ள அந்தப் படம் போவணும். போவல, சாவிய உங்க அத்தை கையில குடுத்துட்டு வூட்டுக்குள்ள போயிடு. நாளையிலேர்ந்து பக்கிரி உக்காரட்டும் அந்த நாற்காலியில."

அவர் போய்விட்டார். அந்த நாற்காலியின் கைப்பிடியை உஷாராணி இறுகப் பற்றிக்கொண்டாள்.

கணினித் துறையில் பட்டயம் பெற்று இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அவள். நான்கு ஆண்டுகள் அடுப்படியில் கழிந்தன. 'படிச்ச பொண்ணு' என்று உறவினரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டு மீன் குழம்புக்குப் புளி கரைக்கச் சொல்வார்கள். மும்முறை கேட்டு, இருமுறை மறுக்கப்பட்டு, எட்டு மாதங்களுக்கு முன்புதான் அந்த நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. அதிலமர்ந்து முதற்கையெழுத்திட்ட நாளன்று இரவு அவளுக்கு உறக்கமே வரவில்லை.

"இல்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அடுப்படிக்குப் போகிற நாள் இன்றில்லை."

முதலில் அவளுடைய ஐயம் சந்தனத்தின்மேல் விழுந்தது.

மேசைக்கடியில் இருந்த ரூட்டர் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். கணினியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு சேதியையும் எந்தப் பக்கம் அனுப்புவதென்று முடிவு செய்வது அந்தப் பெட்டிதான். பூசை செய்தவர்கள் அதன் நெற்றியென்று எதைக் கருதினார்களோ அங்கே மூன்று விரலால் சந்தனம் பூசிக் குங்குமமும் இட்டிருந்தார்கள். நெற்றியென்று அவர்கள் கருதியது கம்பி செருகும் துளைகளின் வரிசை. இரண்டு துளைகளில் சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது.

ஊக்கு ஒன்றை நீட்டிச் சுரண்டத் தொடங்கினாள். வாசலில் வந்து நின்ற பக்கிரி சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார். ஐஸ் இயந்திரத்தோடு முப்பது ஆண்டு வாழ்ந்தவர்.

"இன்னா பாப்பா, அதுக்குப் பல்லு வெளக்கி வுடறியா?"

"நீங்க வேற வெறுப்பேத்தாதீங்கண்ணே."

"நான் இன்னாத்துக்கு வெறுப்பேத்தறேன்? எனக்குந்தான் பயமா இருக்குது. மொதலாளி என்ன அந்த நாற்காலியில உக்காரச் சொல்லிட்டாரு. அதுல சக்கரம் இருக்குதே, ஓடிப்பூடுமே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துளைகளைத் துடைத்தாள். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த பழைய கம்பியைக் கழற்றிவிட்டுப் புதிய கம்பியைச் செருகினாள். முற்றத்தைக் கடந்து குளிர் அறைக்கு ஓடினாள். அங்கே சுவரில் தொங்கிய இரண்டாவது ரூட்டர் பெட்டியில் விளக்குகள் நிதானமாக எரிந்துகொண்டிருந்தன. குளிர் அறையில் மட்டும் ஆயுத பூசைக்காக எதையும் நிறுத்துவதில்லை. ஓடுகிற இயந்திரத்துக்கே பொட்டு வைத்துவிடுவது வழக்கம். வெப்பமானியும் விழித்திருந்தது, கழித்தல் பத்தொன்பது காட்டிற்று. நேற்றுக் காலையிலிருந்து எடுத்த அளவுகள் யாவும் அதன் வயிற்றுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். வழி கிடைத்தால் வந்துவிடும்.

திரும்பி ஓடிவந்து கணினியைப் பார்த்தாள். பன்னிரண்டு வெறுங்கோடுகள்.

மணி பதினொன்றரை. ஒன்றரை மணி நேரம் சந்தனத்தோடு போயிற்று. ஊக்கைச் சுவரில் விட்டெறிந்தாள்.

அதன் பிறகே, படித்த படிப்பில் ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் நினைவு வந்தது. ஒரு சேதி எந்தெந்தப் படியேறிப் போகிறது என்று காட்டச் சொல்லிக் கணினிக்கு ஒரு கட்டளை உண்டு. வெப்பமானியின் எண்ணைக் கொடுத்து, அந்தக் கட்டளையை இட்டாள்.

முதற்படி, காலடியில் இருந்த ரூட்டர் பெட்டி. சரி. இரண்டாம் படி குளிர் அறைப் பெட்டியாக இருக்க வேண்டும். அதுவன்று, இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனியின் எண் வந்தது. மூன்றாம் படி சென்னை. நான்காம் படி முதல் ஒன்றுமில்லை. வெறும் நட்சத்திரக் குறிகள்.

எண்பதடி தள்ளியிருக்கும் அறைக்குப் புறப்பட்ட சேதி, வாசற்படி தாண்டிச் சென்னை வரை போய், அங்கே கேட்பாரற்றுக் காணாமற்போயிருந்தது.

பெட்டியின் உட்புறத்தைத் திறந்து அதன் வழிப் பட்டியலைப் பார்த்தாள். வெளியுலகத்துக்குப் போகும் வழி ஒன்று எழுதப்பட்டிருந்தது: எது எங்கே போகவேண்டுமென்று தெரியாவிட்டால் வெளியே அனுப்பிவிடு என்று. குளிர் அறைக்கு வழி என்று ஒரு வரியும் இல்லை. முன்பு இருந்திருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பதினான்கு மாதங்கள் ஓடியிருக்குமா? எழுதியவன் ராஜ்குமார். அழித்தவர் யார்?

யாராயினும் ஆகுக. அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும். பாடத்தில் படித்ததுண்டு, தன் கையால் எழுதியதில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் கொட்டகையின் பின்புறம் போனாள். இந்தக் குடும்பத்தில் எவரும் அழைக்கக் கூடாத எண்ணை அழைத்தாள்.

மூன்றாம் மணியில் ராஜ்குமார் எடுத்தான்.

"அண்ணி? இன்னா ஆச்சு? அம்மா நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் தம்பி. உன் பொட்டிதான் நல்லா இல்ல. குளிர் ரூமுக்குப் போற ரூட்டு அதுல இல்ல."



"பொட்டிய நிறுத்துனீங்களா?"

"நேத்து பூசைக்கு நிறுத்திட்டாங்க. போன வருசந்தான் பங்காளி வூட்டுத் தீட்டுன்னு பூசையே இல்லியே."

"யாரு நிறுத்துனது?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் கொழுக்கட்டை புடிச்சிக்கினு இருந்தேன். ஒரு நடை வந்துட்டுப் போயேன் தம்பி. மாமா சாப்புட வூட்டுக்குள்ள போற நேரமாப் பாத்து..."

"திருட்டுத்தனமா நான் வரமாட்டேன் அண்ணி. வந்தா ரோஸ்லினோட, முன்வாசல் வழியாத்தான் வருவேன்." அவன் குரல் இறுகிற்று, உடனே தணிந்தது. "எழுதிக்குங்க. மூணு சேதி சொல்லணும் அதுக்கு. எந்த எண் வரிசைக்குப் போவணும், அந்த வரிசை எவ்ளோ பெருசு, யாரு கையில குடுத்தனுப்பணும். குளிர் ரூமு வரிசை 192.168.20. அளவு 255.255.255.0. நடுவுல போற கம்பிக்கு ரெண்டு முனை இருக்குது. ஒண்ணு 10.0.0.1, இன்னொண்ணு 10.0.0.2. மொதல்ல ஐ.பி. ரூட்னு அடிச்சிட்டு, வரிசையா... ஐயோ, வேலை பாக்கற காலேஜுல சர்வரு நின்னுபோச்சுன்னு கூப்புடறாங்க அண்ணி. என் பேரு மட்டும் அப்பாகிட்ட வேணாம்!"

தொடர்பு அறுந்தது. இரு முனைகளுள் எந்த முனை என்பதை அவன் சொல்லவில்லை. திரும்ப அழைத்தாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

உள்ளே வந்து எழுதத் தொடங்கினாள். வெப்பமானியின் எண் 192.168.20.5 என்பது அவளுக்கு மனப்பாடம்; அதையே முதலில் அடித்து, பின்னால் அளவையும் சேர்த்தாள். முகவரியும் அளவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பெட்டி மறுத்தது. எழுத்துப் பிழையோ என்று மூன்று முறை அதையே அடித்தாள். மூன்று முறையும் அதே மறுப்பு.

"ஆச்சா?" என்று வாசலிலிருந்து சின்னதம்பியின் குரல்.

"ஆயிடும் மாமா."

"ஆயிடும், ஆயிடும்னு காலையிலேர்ந்து சொல்ற. ஆவற வழியக் காணமே!"

அவர் போகும் வரையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானித்து, ராஜ்குமார் கூறியதை மறுபடி படித்தாள். அவன் சொன்னது வரிசையை. அவள் எழுதியதோ ஒற்றை முகவரியை. தெருவின் பெயரைக் கேட்ட இடத்தில் கதவு எண்ணைக் கொடுத்திருக்கிறாள். ஐந்தை அழித்துச் சுழியமாக்கினாள்.

அடுத்தது, முனை. ஒன்றா, இரண்டா? ஒன்றே முதலிருக்கட்டும் என்று 10.0.0.1 என அடித்தாள்.

அந்த முகவரி என்னுடையதேயன்றோ என்றது பெட்டி.

உஷாராணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒருங்கே வந்தன. "ஒன்னுதுன்னு எனக்கு இன்னாடா தெரியும்? மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுதானே!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். கத்திய பிறகுதான் விளங்கிற்று. தன் கைச் சேதியைத் தன்னிடமே கொடு என்று சொன்னால் அது எங்ஙனம் கொடுக்கும்? கம்பியின் அந்தப்புறத்து முனையைச் சொல்ல வேண்டும். 10.0.0.2.

இம்முறை பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. குற்றம் கண்டால் வாய் திறப்பதும், சரியாயிருந்தால் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லாதிருப்பதும் அதன் இயல்பு. அந்த வகையில் அது மாமனாருக்கு உறவு.

கணினியின் பக்கம் திரும்பினாள். முதற்கட்டத்தில் கோடு மறைந்து கழித்தல் பத்தொன்பது என்று எழுந்தது. அடுத்தது கழித்தல் இருபது. நேற்றுக் காலையிலிருந்து தேங்கிக் கிடந்த அளவுகள் ஒவ்வொன்றாகப் படத்தில் நிரம்பலாயின. முழுவதும் நிரம்ப முக்கால் மணி நேரமாகும் என்றது கணினி. மணி இரண்டு பத்து.

"மாமா! வருது மாமா!" என்று கூவினாள். முற்றத்தில் நின்ற சின்னதம்பி உடனே அதிகாரியை அழைத்து, படம் வருகிறது, வண்டியைத் தயாராக வையுங்கள் என்று உரத்த குரலில் சொல்வது கேட்டது. உஷாராணி காலையிலிருந்து தொடாத மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

இரண்டு நாற்பதுக்கு மின்சாரம் போயிற்று.

ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்து ஓட ஒரு நிமிடமாயிற்று. கணினி அணையவில்லை, அதற்கு யு.பி.எஸ். இருந்தது. ஆனால் படம் பாதியில் நின்றது. மீதிக் கட்டங்களில் பழைய வெறுங்கோடுகள்.

பெட்டியைத் திறந்து பார்த்தாள். குளிர் அறைக்கான வரி அங்கே இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்பு தன் கையால் எழுதிய வரி, எழுதியதற்கு அடையாளமேயின்றி மறைந்திருந்தது.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவளுக்கு ஒன்று உறுத்திற்று. கணினி அணையாதபோது பெட்டி மட்டும் ஏன் அணைய வேண்டும்? மேசைக்கடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தாள். பெட்டியின் மின்கம்பி யு.பி.எஸ்.ஸில் இல்லை, சுவரிலிருந்த சாதாரணப் பிளக்கில் செருகியிருந்தது.

"பக்கிரியண்ணே! இதப் புடுங்கி சுவத்துல மாட்டுனது யாரு?"

"நான் இல்ல பாப்பா, என்னப் பாக்காத. நேத்து பூசை நேரத்துல அம்மாதான் கீழ குனிஞ்சி நிறுத்துனாங்க. இடுப்பு வலிக்காரங்களாச்சேன்னு, நான் நிறுத்தறேம்மான்னு போனேன். 'உன் வேலையப் பாருடா'ன்னு ஒரு அதட்டு. திரும்ப மாட்டுனதும் அவங்கதான்."

மேசைக்கடியிலிருந்து வெளியே வர உஷாராணிக்குச் சிறிது நேரம் பிடித்தது. பெட்டியை யு.பி.எஸ்.ஸில் மாட்டிவிட்டு, அங்கேயே தரையில் அமர்ந்து ராஜ்குமாரை அழைத்தாள். இம்முறை எடுத்தான்.

"எழுதுனது அழிஞ்சிபோச்சு தம்பி. கரண்டு போனதும் மறந்துடுச்சு."

"சேமிக்கலன்னா மறந்துடும் அண்ணி. எழுதுனப்பறம் 'ரைட்'னு, எழுதி வையுங்கற அர்த்தத்துல, ஒரே வார்த்தை அடிக்கணும். அப்பறம் நூறு தடவை அணைஞ்சாலும் மறக்காது."

"அப்ப நீ ஏன் அத அடிக்காம வுட்ட? மறந்துட்டியா?"

"மறக்கல."

அவள் காத்திருந்தாள்.

"அப்பா வூட்ட வுட்டு வெளிய போடான்னு சொன்ன அன்னிக்கு, கெளம்பறத்துக்கு முன்னாடி சேமிக்காத மாதிரி மாத்தி வுட்டுட்டு வந்தேன். என் வேலையெல்லாம் அவங்களுக்கு வேணும், நான் வேணாமான்னு ஒரு கோவம். அம்மா அழுதாங்க. அம்மாகிட்ட மட்டும் சொன்னேன்: 'இந்தப் பொட்டிய நிறுத்துனா நின்னுபோவும்மா, அப்பறம் நான் வந்தாத்தான் ஆவும். அன்னிக்கு அவரே என்னக் கூப்புடுவாரு'ன்னு. சின்னப் புள்ளத்தனமாத்தான் சொன்னேன் அண்ணி. அவங்க இத இவ்ளோ நாளு மனசுல வச்சிக்கினு இருப்பாங்கன்னு..."

"இப்ப நான் இன்னா செய்யட்டும்?"

"நாலு மணிக்குள்ள வண்டி வரணும்னா அடிச்சிடுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

மணி மூன்று ஐந்து. வழியை மறுபடியும் எழுதினாள். இப்போது எண்கள் விரல் நுனியில் இருந்தன. படம் நிரம்பத் தொடங்கிற்று. எஞ்சியது அந்த ஒரு வார்த்தை.

அதை அடிக்காமல் விட்டால், மற்றொரு நாள் பெட்டி அணையும். மற்றொரு நாள் இதே தவிப்பு வரும். அன்று மாமனார் இறங்கி வந்து மகனை அழைப்பாரா? இன்று அழைக்கவில்லையே. காலையிலிருந்து எவ்வளவு முட்டியும் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வரவில்லையே. இறங்கப்போவது அவருடைய பிடிவாதமன்று. அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான். வெளியே ஜெனரேட்டர் ஒரு முறை திணறி, ஓசை தாழ்ந்து, மறுபடி எழுந்தது. யு.பி.எஸ். அபாய மணி அடித்தது. வண்டி வந்து சேருமுன் அதுவும் ஓய்ந்துபோனால்?

'ரைட்' என்று அடித்தாள். சரி என்று ஒரே சொல்லில் விடை வந்தது.

மூன்று ஐம்பதுக்குப் படம் முழுமையடைந்தது. நான்கே காலுக்குக் குளிர் வண்டி வாசலில் திரும்பிற்று.

சரக்கு ஏற்றி முடித்ததும் சின்னதம்பி அலுவலகத்துக்குள் வந்தார். மேசையின்மேல் கிடந்த சாவிக்கொத்தைத் தாமே எடுத்து மருமகளின் கையில் வைத்தார்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும். ஆரு கேட்டாலும் குடுக்காத, நானே கேட்டாலும் குடுக்காத." பக்கிரியின் பக்கம் திரும்பினார். "பாத்தியாடா? அவன் இல்லன்னா இந்தப் பொட்டி ஓடாதுன்னு ஒரு நெனப்பு இருந்துது அவனுக்கு. என் மருமவ ஓட்டிட்டா. இனிமே அவன் செருப்புகூட அந்தக் கேட்டைத் தாண்ட வேணாம்!"

பதினான்கு மாதங்களில் இரண்டாம் முறையாக அவர் சிரித்தார். உஷாராணி வாய் திறந்தாள். 'சொல்லிக் கொடுத்ததே அவர்தான் மாமா' என்ற வார்த்தை நாக்கின் நுனி வரை வந்தது. என் பேரு மட்டும் வேணாம் என்ற குரல் காதில் கேட்டது. கையிலிருந்த சாவியும் கனத்தது. எதனால் வாய் மூடினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

கதவோரம் நின்றிருந்த கெங்கம்மாள் ஓசையில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

உஷாராணி பின்னாலேயே போனாள். பின்கட்டில், துவைகல்லின்மேல் மாமியார் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்காரும் வழக்கமே இல்லாதவள் அவள்.

"அத்தை..."

"ஆரு சொல்லிக்குடுத்தது?"

"ராஜ்குமார்தான். போன்ல."

"போன்லயா?" கெங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "வரேன்னு சொன்னானா?"

"வந்தா ரோஸ்லினோட முன்வாசல் வழியாத்தான் வருவேன்னு சொல்லிட்டாரு."

"மறக்காத மாதிரி எழுதிட்டியா அதுல? நான் நிறுத்துனாலும் இனிமே நிக்காதா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "நிக்காது அத்தை."

கெங்கம்மாள் திட்டவில்லை, அழவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கொடியில் உலர்ந்த தன் சுங்குடிப் புடைவையை எடுத்து, சுருக்கம் நீவி நீவி மடித்தாள்.

"நாளைக்குக் காலையில தவளக்குப்பத்துலேர்ந்து வில்லியனூருக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"இன்னாத்துக்கு அத்தை?"

"அவன் வரமாட்டான். உங்க மாமா கூப்புடமாட்டாரு. வில்லியனூர்ல எறங்கி நான் போறேன் அரியூருக்கு, அவங்க இருக்கற எடத்துக்கு. வந்தா ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வருவேன். இல்லன்னா நானும் அங்கியே இருந்துடுவேன்."

"மாமா கேட்டா?"

மடித்த புடைவையைக் கெங்கம்மாள் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். மருமகளின் கையில் இறுகியிருந்த சாவிக்கொத்தின்மேல் ஒரு கணம் அவள் பார்வை நின்றது.

"உன்னத்தான் கேப்பாரு. இன்னா சொல்றதுன்னு ராத்திரிக்குள்ள யோசிச்சி வச்சிக்கோ."